செஞ்சிச் சேற்றில் அரை மைல்

சேறு என்றதும் முகத்தைச் சுளிப்பது பட்டணத்து வழக்கம். வேஷ்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நகரசபையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு அப்பால் நடப்பதுதான் அங்கே சம்பிரதாயம். கிராமத்தில் அப்படியல்ல. அங்கே சேறு என்பது சோற்றுக்கு முந்திய பெயர். நாற்று நடும் பெண்களுக்கு முழங்கால் சேறு ஒரு குறையாகத் தோன்றுவதில்லை. சேறு இல்லாத வருஷந்தான் அவர்களுக்குக் குறை.

இந்த இரண்டு கட்சிகளுக்கும் நடுவே சமீப காலத்தில் மூன்றாவது கட்சி ஒன்று கிளம்பியிருக்கிறது. இக்கட்சியார் பட்டணவாசிகள், ஆனால் சேற்றைத் தேடிக்கொண்டு போகிறவர்கள். பத்து லட்சத்துக்கு மேல் விலை கொடுத்து நான்கு சக்கரமும் இழுக்கும் மோட்டார் வண்டியொன்றை வாங்குகிறார்கள். மழை பெய்து ஓய்ந்த ஞாயிற்றுக்கிழமையில், நல்ல தார்ச் சாலை கண்ணெதிரே நீண்டு கிடக்க, அதை விட்டு இறங்கி, எருமையும் யோசித்துக் கால் வைக்கும் வண்டிப் பாதையில் தங்கள் வாகனத்தைச் செலுத்துகிறார்கள். மாலையில் வண்டியின் நிறம் இன்னதென்று தெரியாத கோலத்தில், பரம திருப்தியுடன் வீடு திரும்புகிறார்கள்.

"இதையா இந்த வாரம் எழுதப் போகிறீர்கள்? வேறு விஷயமே அகப்படவில்லையா?" என்று நம் வீட்டிலேயே கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் இந்த விளையாட்டுக்குள் விளையாட்டல்லாத விஷயம் ஒன்று மறைந்திருக்கிறது. அதைச் சொல்லவே இந்தப் பக்கங்களை எடுத்துக்கொள்கிறோம்.

செஞ்சி என்றதும் நேயர்களுக்கு மலைகள் நினைவுக்கு வரும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்னும் மூன்று குன்றுகளை மதிலால் இணைத்துக் கட்டிய கோட்டை அது. அதில் உயர்ந்ததான ராஜகிரி தரையிலிருந்து ஏறக்குறைய 800 அடி எழும்பி நிற்கிறது. 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் யுனெஸ்கோ ஸ்தாபனம் மராத்தியரின் ராணுவ அரண்களை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்த்தபோது, மகாராஷ்டிரத்துக் கோட்டைகளோடு நம் தமிழ்நாட்டுச் செஞ்சியும் இடம் பெற்றது. இந்தப் பெருமையை அறியாதவர் சிலரே. ஆனால் அந்தப் பாறைகளின் அடிவாரத்தில் என்ன இருக்கிறது என்று கவனிக்கிறவர்களும் சிலரே. அங்கே ஏரிகள் இருக்கின்றன. ஏரிகளின் கீழே வயல்கள். வயல்களுக்கு நடுவே வண்டிப் பாதைகள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவ மழை இறங்கியதும் பாறை மேல் விழுந்த நீரெல்லாம் வழிந்து கீழே வந்துவிடும். மேலே கருங்கல், கீழே களிமண்: அதுதான் செஞ்சியின் மழைக்காலம்.

இந்தச் சேற்றுக்கும் சரித்திரத்தில் பங்கு உண்டு. சிவாஜி 1677-இல் செஞ்சியைக் கைப்பற்றினார். அவருக்குப் பின் அவருடைய புதல்வர் ராஜாராம் இங்கே வந்து தங்கியிருக்க, ஔரங்கசீபின் தளபதி ஸுல்பிகர் கான் 1690-இல் கோட்டையை முற்றுகையிட்டார். அது 1698-இல்தான் விழுந்தது. இந்த எட்டு ஆண்டுத் தாமதத்துக்குக் காரணங்கள் பல: மதில்கள், மராத்தியரின் சாமர்த்தியம், முகலாயர் முகாமில் நடந்த உட்பூசல். இவற்றோடு 1692-ஆம் ஆண்டு மழையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பருவத்தில் முற்றுகைக் குழிகளில் கிடந்த சிப்பாய்கள் நனைந்து நடுங்க, தானியம் வருவது அருமையாகி, மறு வருஷத் தொடக்கத்தில் தளபதி வந்தவாசிக்குப் பின்வாங்க நேரிட்டது. மூன்று மலைகளும் மதிலும் அகழியும் செய்த வேலையில் சேறும் ஒரு கை கொடுத்தது என்று சொன்னால் மிகையாகாது.

தேசிங்கு ராஜனின் கதையும் நீரிலும் சேற்றிலுமே முடிகிறது. ஆற்காட்டு நவாப் ஸதாத்துல்லா கானை எதிர்த்து அந்த இளைஞன் 1714-இல் போருக்குப் புறப்பட்டபோது, சங்கராபரணி என்றும் வராக நதி என்றும் வழங்கும் ஆறு பெருக்கெடுத்து ஓடிக்கொண்டிருந்தது என்றும், அவன் தயங்காமல் குதிரையை ஆற்றில் இறக்கினான் என்றும் சொல்வார்கள். குதிரைக்கு நான்கு கால். நான்கும் சுயமாக இயங்குகின்றன. ஒன்று வழுக்கினால் மற்ற மூன்றும் தாங்குகின்றன. நான்கு சக்கர இழுப்பு வண்டிக்காரர்கள் இன்று பணம் கொடுத்து வாங்குவது அந்தக் குதிரையின் வித்தையைத்தான்.

அந்த வித்தை என்ன? சாதாரண மோட்டார் வண்டியில் நான்கு சக்கரம் இருந்தாலும் உழைப்பது இரண்டே. எஞ்சினின் பலம் முன் சக்கரங்களுக்கு அல்லது பின் சக்கரங்களுக்குப் போகிறது. மற்ற இரண்டும் சம்பந்தி வீட்டார் போலக் கூடவே வருகின்றன. நான்கு சக்கர இழுப்பு வண்டியிலோ, கியர்ப் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு பெட்டி இருக்கிறது. பலத்தை இரண்டாகப் பிரித்து முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் அனுப்புவது அதன் வேலை. அதே பெட்டியில் 'தாழ்ந்த கியர்' என்று ஒன்று உண்டு. அதைப் போட்டால் வண்டியின் வேகம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு குறைகிறது. இழுக்கும் சக்தி அதே அளவுக்குக் கூடுகிறது. ஓடுவதற்கு உள்ள குதிரை, ஏர் உழும் எருதாக மாறிவிடுகிறது.

இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வண்டி திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் அதிக தூரம் போகிறது. உட்புறச் சக்கரம் குறைந்த தூரம் போகிறது. நம் கட்டை வண்டியில் இது பிரச்னையே அல்ல. ஒவ்வொரு சக்கரமும் கடையாணிக்குள் தன்னிஷ்டப்படி சுழலும். மோட்டாரில் சக்கரங்களை எஞ்சின் சுழற்றுவதால், இந்த வித்தியாசத்துக்கு இடம் கொடுக்க அச்சின் நடுவே 'டிபரென்ஷியல்' என்னும் பல்சக்கர அமைப்பு வைத்திருக்கிறார்கள். தார்ச் சாலையில் இது பரம உபகாரி. சேற்றிலோ துரோகம் செய்துவிடுகிறது. ஒரு சக்கரம் வழுக்கினால், சுழற்சி முழுவதும் அந்த வழுக்கும் சக்கரத்துக்கே போகிறது. கெட்டியான தரையில் நிற்கும் சக்கரம் சும்மா நிற்கிறது. உழைக்கக் கூடியவனைச் சும்மா வைத்துவிட்டு, வீணனுக்கே மேலும் மேலும் கொடுக்கும் நிர்வாகங்களை நேயர்கள் வேறிடங்களிலும் பார்த்திருக்கலாம். இதற்குப் பரிகாரமாகச் சில வண்டிகளில் இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டும் பூட்டு ஒன்று இருக்கிறது. பூட்டிவிட்டால், ஒன்று வழுக்கினாலும் மற்றது இழுக்கும்.

முன் அச்சையும் பின் அச்சையும் நேராகப் பிணைக்கும் வகை வண்டிகளைக் காய்ந்த தார்ச் சாலையில் நான்கு சக்கர இழுப்பில் ஓட்டக்கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். திருப்பங்களில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் போகின்றன. மண்ணில் சற்று வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். தாரில் வழுக்க இடமில்லாமல் உள்ளே பல்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். பலம் இருக்கிறதென்று எப்போதும் காட்டிக்கொண்டிருக்கலாகாது என்பது யந்திரத்துக்கும் பொருந்தும் நீதி.

இந்த வண்டியின் பூர்வோத்தரத்தையும் சிறிது பார்ப்போம். 1940-ஆம் ஆண்டில் அமெரிக்க ராணுவம் எங்கும் போகக்கூடிய சிறு வண்டி ஒன்று வேண்டுமென்று விளம்பரம் செய்தது. மாதிரி வண்டியைச் செய்து கொடுக்க அளித்த கெடு 49 நாள். பென்ஸில்வேனியா மாகாணத்தில் பான்டம் என்ற சிறு கம்பெனி அந்தக் கெடுவுக்குள் அதைச் செய்து ஒப்புவித்தது. ஆனால் பெரிய அளவில் உற்பத்தி செய்யும் வாய்ப்பு வில்லிஸ், போர்டு ஆகிய பெரிய கம்பெனிகளுக்கே போயிற்று. யுத்தம் முடிவதற்குள் அவ்விரண்டும் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன.

நம் நாட்டில் 1945-இல் மகீந்திரா சகோதரர்களும் மாலிக் குலாம் முகம்மது என்பவரும் கூட்டாகக் கம்பெனி தொடங்கினார்கள். 1947-இல் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களைத் தருவித்து இங்கே பூட்டத் தொடங்கினார்கள். அதே வருஷத்தில் தேசம் இரண்டாயிற்று. குலாம் முகம்மது பாகிஸ்தானுக்குச் சென்று அந்நாட்டின் முதல் நிதி மந்திரியாகவும், பிற்பாடு கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். 1948-இல் கம்பெனியின் பெயர் மாறியது. ஒரு வண்டியின் கதைக்குள்ளே ஒரு தேசத்தின் கதை அடங்கியிருப்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா? பிறர் செய்த பாகங்களைப் பூட்டுவதில் ஆரம்பித்து, நம் பொறியாளர்கள் வகுத்து நம் தொழிலாளிகள் செய்யும் வண்டிகள் வரை வந்திருக்கிறோம். 2010-இல் முதன்முதலாகவும் 2020-இல் புது உருவத்திலும் வெளிவந்த 'தார்' அந்த வம்சத்தைச் சேர்ந்ததே. சுதேசிக் கப்பலுக்காகச் செக்கிழுத்தவர் பிறந்த நாட்டில், சுதேசி வண்டி சேற்றிலிருந்து தானாகவே வெளிவருவதைப் பார்க்கும்போது சற்றுப் பெருமை கொள்வது குற்றமாகாது.

பெரும்பாலான கிராமத்தாருக்கு ஜீப் அறிமுகமானது சர்க்கார் வாகனமாகத்தான். 1952-ஆம் ஆண்டு காந்தி ஜயந்தி தினத்தில் சமூக அபிவிருத்தித் திட்டம் தொடங்கியது. அதன் பிறகு வட்டார அதிகாரியின் ஜீப் ஊருக்குள் வந்தால், விதை வரும், உரம் வரும், பள்ளிக்கூடத்துக்கு ஓடு வரும் என்று அர்த்தம். சில வேளை ஒன்றுமே வராமல் புழுதி மட்டும் வரும். எப்படியாயினும், பாதை இல்லாத இடத்துக்கு அரசாங்கம் போகும் வழியாக இருந்தது அந்த வண்டி. இன்று அது பாதை இருக்கும் இடத்தை விட்டு ஓடும் உல்லாச வாகனமாகியிருக்கிறது. காலத்தின் விசித்திரம்!

நம்மிடம் முன்னாளில் படித்த மாணவர் ஒருவர் இத்தகைய வண்டி ஒன்று வைத்திருக்கிறார். கார்த்திகை மாதத்து ஞாயிறன்று செஞ்சிக்கு அருகே அதில் போய்வரும் சந்தர்ப்பம் நமக்குக் கிடைத்தது. இடம் ஓர் ஏரியின் கீழ்ப்புறம். பனந்தோப்பில் தொடங்கி, வாய்க்கால் ஒன்றைக் கடந்து, களத்துமேட்டில் ஏறி முடியும் வண்டிப் பாதை. மொத்தம் சுமார் 800 மீட்டர். பழைய கணக்கில் அரை மைல். கோட்டை மதிலிலிருந்தும் காப்புக் காட்டிலிருந்தும் விலகிய இடம். இரண்டு நாள் முன்பு பெய்த மழையில் பாதை முழுவதும் ஊறிப் போயிருந்தது.

பாதை முனையில் வண்டியை நிறுத்திவிட்டு, மாணவர் செய்த முதற்காரியம் நமக்கு மிகவும் பிடித்தது. இறங்கி நடந்தார். கையில் ஒரு மூங்கில் கழி. பள்ளம் கண்ட இடமெல்லாம் அதை ஊன்றி ஆழம் பார்த்தார். "நடந்து பார்க்காத பாதையில் வண்டியை விடக்கூடாது, சார்" என்றார். பாடத்தைப் படிக்காமல் பரீட்சைக்கு வரக்கூடாது என்று நாம் வகுப்பில் சொன்னது எந்த ரூபத்திலாவது நினைவிலிருக்கிறதே என்று திருப்தியடைந்தோம்.

களத்துமேட்டில் பெரியவர் ஒருவர் மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். எழுபது வயதுக்குக் குறையாது. எங்களைக் கண்டதும் அவர் முகம் மலரவில்லை.

"இன்னாங்கய்யா, நீங்களும் வண்டி உடத்தான் வந்தீங்களா?" என்று கேட்டார்.

'நீங்களும்' என்ற அந்த 'உம்'மில் ஒரு வழக்கே அடங்கியிருந்தது. விசாரித்தோம். முந்திய ஆண்டு மழைக்காலத்தில், எந்த ஊரிலிருந்தோ ஏழெட்டு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தனவாம். யாரையும் கேட்கவில்லை. ஒரே பள்ளத்தில் முன்னும் பின்னுமாக ஓட்டி, சக்கரங்களைச் சுழலவிட்டுச் சேற்றை வாரி இறைத்து, படமும் பிடித்துக்கொண்டு, பொழுது சாயப் போய்விட்டார்கள். அவர்கள் போனபோது வண்டித் தடம் இடுப்பளவு ஓடைக்குழியாகிவிட்டது.

"அதுக்கு நாலாம் நாளு ராத்திரி என் பேத்திக்கு வலி கண்டுச்சு. ஆம்புலன்ஸு அந்தப் பனைமரத்தாண்டயே நின்னுபோச்சு, ஐயா. உள்ள வர வழியில்ல. கயித்துக் கட்டில்ல போட்டு நாலு பேரு தூக்கிக்கினு போனோம். சாமி புண்ணியத்துல தாயும் புள்ளையும் நல்லா இருக்குது. இல்லன்னா நான் யாரப் போயிக் கேக்கறது?"

இதற்கு நாம் என்ன பதில் சொல்வது? அந்தப் பெரியவர் கோபமாகப் பேசவில்லை. அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது. நம் மாணவர் கைகளைக் கூப்பிக்கொண்டு, "பெரியவரே, நீங்கள் வேண்டாம் என்றால் இப்படியே திரும்பிப் போய்விடுகிறோம். வரலாம் என்றால், எந்தப் பக்கமாக வர வேண்டுமோ நீங்களே சொல்லுங்கள். போகும்போது தடத்தை நிரவிக் கொடுத்துவிட்டுத்தான் போவோம்" என்றார்.

பெரியவர் சற்று நேரம் வண்டியைப் பார்த்தார்; எங்களைப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாய்க்காலாண்ட சோத்தாங்கைப் பக்கமா வராதீங்க, அங்க அடியில உளை. பீச்சாங்கைப் பக்கம் சுக்கான்கல்லு கெடக்குது, கெட்டி. வாங்க, நானே நின்னு காட்டறேன்" என்றார். ஐம்பது ஆண்டு கட்டை வண்டி ஓட்டியவராம். அந்தப் பாதையின் நிலப்படம் அவர் மனத்தில் இருந்தது.

இனி ஓட்டத்தைச் சொல்வோம். முதலில் டயர்களில் காற்றைக் குறைத்தார்கள். சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டுக்கு மேலிருந்ததை 20 பவுண்டு அளவுக்குக் கொண்டுவந்தார்கள். காற்றுக் குறைந்தால் டயர் சற்றுத் தட்டையாகி, அதிக மண்ணைத் தழுவிக்கொள்ளும், பாரம் பரவும், வண்டி அமிழாது. இதைப் பார்த்த பெரியவருக்கு ஆச்சரியம். "எங்க வண்டிச் சக்கரம் ஒல்லியாத்தான இருக்கும்?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. கட்டை வண்டியின் சக்கரம் ஒல்லியாகவும் உயரமாகவும் இருந்து, மேல் சேற்றைக் கத்தி போல் அறுத்துக்கொண்டு அடியிலுள்ள கெட்டித் தரையைத் தொடுகிறது. மோட்டார் டயர் சேற்றின் மேல் மிதந்து போகப் பார்க்கிறது. சாஸ்திரம் இரண்டு, இரண்டும் மெய். அடியில் கெட்டித் தரை இருக்கிறதா என்று அறிந்தவனுக்கே எது நல்லதென்று தெரியும்.

பனந்தோப்பிலிருந்து தாழ்ந்த கியரில் இறங்கினோம். வேகம், மனிதன் விரைந்து நடக்கும் அளவு. முதல் 200 மீட்டரும் செம்மண். வழுக்கினாலும் பிடி கிடைத்தது. அப்பால் களிமண். அங்கே வண்டி, ஓட்டுகிறவர் சொல்வதைப் பாதியும் தன் மனம்போல் பாதியும் கேட்கத் தொடங்கியது. ஸ்டியரிங் சக்கரத்தை இடப்புறம் திருப்பினால் முன்பக்கம் யோசித்துவிட்டுத் திரும்பியது; பின்பக்கம் தனக்கு வேறு ஜோலி இருப்பது போல் வலப்புறம் சாய்ந்தது. இத்தகைய வேளையில் திடீரென்று பிரேக்கை மிதிப்பதும் தவறு. ஆக்ஸிலரேட்டரை அழுத்துவதும் தவறு. இரண்டுக்கும் ஆசை மிகுந்து வரும் என்பதுதான் விசேஷம். மாணவர் இரண்டையும் செய்யாமல், சீராக, ஒரே அளவாக வண்டியைப் போகவிட்டார்.

வாய்க்காலண்டையில் பெரியவர் நின்று, பழைய வண்டிக்காரரின் அதிகாரத்துடன் கையை ஆட்டினார். இடப்பக்கம் ஒட்டிச் சென்றும், பின் வலச் சக்கரம் மட்டும் உளையில் சிக்கிக்கொண்டது. அது 'உர்'ரென்று தனியாகச் சுழல, மற்ற சக்கரங்கள் சும்மா நின்றன. நாம் மேலே விவரித்த துரோகம் கண்முன்னே நடந்தது. இந்நிலையில் சாதாரணமாக ஓட்டுகிறவர்கள் செய்வது, சக்கரத்தை இன்னும் வேகமாகச் சுழலவிடுவது. சுழலச் சுழல அது தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும். பாதைகள் பாழாவது பெரும்பாலும் இப்படித்தான். நம் மாணவர் உடனே காலை எடுத்தார். பின் அச்சைப் பூட்டினார். ஒரு முழம் பின்னால் வந்து, நிதானமாக முன்னே விட்டார். வண்டி ஒரு குலுக்கலுடன் சுக்கான்கல் மேல் ஏறியது. பெரியவர் முதன்முறையாகச் சிரித்தார். மீதித் தூரம் மேட்டுப் பாங்கானபடியால் எளிதாகவே முடிந்தது. அரை மைலுக்கு 25 நிமிஷம்!

வண்டி சிக்கி இன்னொரு வண்டியால் இழுக்க நேர்ந்தால் செய்ய வேண்டியதையும் இங்கே குறித்துவைப்போம். கயிற்றை வண்டியின் சட்டத்தில் அதற்கென்று உள்ள கொக்கியிலேயே மாட்ட வேண்டும். பம்பரிலோ வேறு உறுப்பிலோ கட்டலாகாது. முறுக்கேறிய கயிறு அறுந்தால் சாட்டை போல் திரும்பி வீசும்; ஆளைக் கொல்லவும் கூடும். ஆகையால் இழுக்கும்போது வேடிக்கை பார்ப்பவர்கள், முக்கியமாகக் குழந்தைகள், கயிற்றின் நீளத்துக்கு மேற்பட்ட தூரத்தில் நிற்க வேண்டும். தனி வண்டியாகப் போகாமல் இரண்டாகப் போவதே உத்தமம். தார்ச் சாலைக்குத் திரும்புமுன் டயரில் மறுபடி காற்றடைத்துக்கொள்ள மறக்கக்கூடாது. காற்றுக் குறைந்த டயரோடு வேகமாக ஓடினால் சூடேறி வெடிக்கும்.

ஓட்டம் முடிந்த பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பித்தது. வண்டியில் இரண்டு மண்வெட்டிகள் இருந்தன. மூன்றாவதைப் பெரியவர் கொடுத்தார். உளையில் விழுந்த குழியில் கல்லும் பனமட்டையும் போட்டு மண்ணால் மூடி, தடத்தின் இரு வரம்புகளையும் சரித்து நிரவினோம். ஓட்டத்துக்கு 25 நிமிஷம். நிரவுவதற்கு ஒன்றரை மணி. இந்தக் கணக்கு நியாயமான கணக்கென்றே நமக்குத் தோன்றுகிறது. இந்த விகிதத்தை ஏற்றுக்கொள்ளக் கூடியவர்களே சேற்றில் வண்டி விடுவதற்குத் தகுதியுள்ளவர்கள்.

ஏனெனில், நேயர்களே, பட்டணவாசிக்கு 'சாகசப் பாதை' என்று தோன்றுவது இன்னொருவருக்கு வீட்டு வாசல். பால்காரர் விடியுமுன் அதில் போக வேண்டும். பள்ளிக்கூடத்துப் பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அதில் வர வேண்டும். 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் நாடெங்கும் எத்தனையோ ஊர்களுக்குத் தார்ச் சாலை தந்திருக்கிறது. ஆயினும் ஊரிலிருந்து களத்துக்கும், களத்திலிருந்து ஒற்றை வீட்டுக்கும் போகும் பாதைகள் பல இடங்களில் இன்றும் மண் பாதைகளே. மண் பாதைக்குக் காவல்காரர் கிடையாது. ஒன்றே முக்கால் டன் எடையுள்ள வண்டி அதில் ஆடிய ஆட்டத்தின் தழும்பு, கோடையில் காய்ந்து கல்லாகி, அடுத்த மழை வரை நிற்கும்.

ஏரிக்கரையின் மேல் ஓட்டுவது இதைவிடப் பெரிய பாதகம். கரை மேல் விழும் தடத்தில் நீர் தேங்கும். தேங்கிய நீர் உள்ளே ஊறும். ஊறிய கரை வெள்ளத்தில் பலவீனப்படும். அதன் கீழே நூறு ஏக்கர் பயிரும் பல குடும்பங்களும் இருக்கின்றன. அவ்வாறே காப்புக் காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது சட்டப்படி குற்றம். முற்றுகைகள் பல பார்த்த கோட்டையின் பழஞ்சுவர்களுக்கு அருகே வண்டியை முறுக்குவதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. எட்டு வருஷம் முகலாயருக்கு ஈடுகொடுத்த மதில், ஞாயிற்றுக்கிழமை உல்லாசிகளுக்கு ஈடுகொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

அப்படியானால் இந்த வித்தையே வேண்டாமா? அப்படிச் சொல்ல நாம் தயாராக இல்லை. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி இரவு பெஞ்சால் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். செஞ்சிக்குக் கிழக்கே உள்ள மயிலத்தில் அந்த ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டமே தண்ணீரில் மிதந்தது. தென்பெண்ணை பெருகி அரசூருக்கு அருகே சென்னை–திருச்சி பெருஞ்சாலையே துண்டிக்கப்பட்டது. நான்கு வண்டி ஒன்றாகப் போகும் சாலைக்கே அந்தக் கதி என்றால், வண்டிப் பாதைகளின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட நாளில், தாழ்ந்த கியரில் சேற்றைக் கடக்கத் தெரிந்தவன் ஒருவன், நிறைமாதக் கர்ப்பிணியையோ, மருந்துப் பெட்டியையோ, பால் மாவையோ ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் கொண்டு சேர்த்தானாயின், அவன் கற்ற வித்தைக்கு அதைவிடப் பெரிய பட்டம் வேண்டியதில்லை. ஓடும் வெள்ளத்தில் மட்டும் எந்த வண்டியையும் இறக்கலாகாது. முழங்காலளவு நீரோட்டமும் வண்டியைப் புரட்டப் போதுமானது. தேங்கிய நீர் வேறு, ஓடும் நீர் வேறு. தேசிங்கு ராஜனுக்கு ஒரு குதிரை வாய்த்தது. நமக்கு வாய்த்தது இரும்பு.

ஆகவே நாம் கூறும் யோசனை இதுதான். இத்தகைய வண்டி வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு தாலுகாவிலும் ஒரு ஜாபிதாவாகச் சேர்ந்து, மழைக்காலத்துக்கு முன்பே தங்கள் பெயரையும் வண்டியையும் தாசில்தார் கச்சேரியில் பதிவு செய்துகொள்ளலாம். பழகுவதற்கு ஊராரைக் கேட்டு, அவர்கள் காட்டும் தரிசில் பழகலாம். போகுமிடமெல்லாம் மண்வெட்டியையும் எடுத்துச் செல்லலாம். கட்டை வண்டி ஓட்டிய கிழவர்கள் இன்னும் சிலர் ஊர்களில் இருக்கிறார்கள். எந்த ஓடையில் எந்தப் பக்கம் கல், எந்தப் பக்கம் உளை என்பது அவர்களோடு போய்விடுமுன் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம். எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காத உபகரணம் அது.

பஞ்சாயத்தாருக்கும் ஒரு வார்த்தை. ஒரு வண்டிக் கல், இரண்டு வண்டிச் சரளை, நீர் வடிய ஒரு சிறு குழாய்: இவ்வளவு இருந்தால் அந்த வாய்க்கால் முனை கெட்டியாகிவிடும். பிறகு அங்கே சாகசத்துக்கு இடமிராது. சாகசப் பிரியர்கள் வருந்தினால் வருந்தட்டும். கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் நடுநிசியில் நடப்பதைவிட, ஒரு விளையாட்டு இல்லாமற் போவது மேல்.

அதுவரையில், செஞ்சிப் பக்கம் போகும் வண்டிக்காரர்கள் எஞ்சினைக் கிளப்புமுன் இறங்கி நடக்கட்டும். களத்துமேட்டில் யாரேனும் நின்றால் கும்பிட்டு ஒரு வார்த்தை கேட்கட்டும். பாதை யாருடையதோ அவருக்குத்தான் அதன் ஆழம் தெரியும்.